விரிசலும் பிளவும் ஒன்றா? பாறையிலும் உறவிலும்

கேள்வி – மார்ச் 3, காலை 9.10

"இரு நாட்டு உறவில் விரிசல்", "கட்சியில் பிளவு", "சமூகத்தின் பிளவுக்கோடுகள்". செய்தியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நிலவியலில் இந்த மூன்றும் ஒன்றுதானா? பிளவு என்றால் நிலம் வாய் பிளந்து நிற்பதுதானே? விரிசல் பெரிதானால் பிளவு, அவ்வளவுதான் என்கிறேன் நான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, பகல் 1.40

இல்லை. அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பாறை உடைந்திருந்தால் விரிசல். உடைந்தபிறகு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறியிருந்தால்தான் அது பிளவு. அந்த இடமாற்றம் விட்டுப்போகக் கூடாதென்று பிளவுப்பெயர்ச்சி என்று எழுதுபவர்களும் உண்டு. கை நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கும் விரிசலைப் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைகூட வழுக்கியிருக்காது. எதிர்ப்பக்கம் பார்த்தால் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில் பாறை முகத்தில் ஒரே ஒரு கோடு ஓடுகிறது, தூரத்திலிருந்தே தெரியும், கோட்டுக்கு மேலே இருப்பது பழைய பாறை, கீழே இருப்பது வயதில் இளைய பாறை. பத்துக்கணக்கான கிலோமீட்டர் தூரம் மேல்பாறை கீழ்ப்பாறையின் மீது ஏறி நகர்ந்து வந்திருக்கிறது. அங்கே இடைவெளி என்று எதுவும் கிடையாது.

கொஞ்சகாலம் ஒரு சுரங்கப்பாதை வேலைக்காகத் துளைபோட்டு எடுத்த கோர்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. நீளப் பெட்டிகளில் வரிசையாகப் படுத்திருக்கும் பாறை உருளைகள். நல்ல பாறை என்றால் முழ நீளத்துக்கு முழுசாக வரும். பிளவு நெருங்கும்போது முதலில் துண்டு சிறுக்கும், அப்புறம் சல்லிக்கல்லாக வரும், அப்புறம் சாம்பல் நிறத்தில் களிமண், விரலை வைத்தால் புதைகிற மாதிரி. அது மண்ணே இல்லை, பாறைதான். இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு நகர்ந்ததில் அரைபட்டு அப்படி ஆனது. அந்தக் களிமண்ணை வழித்துவிட்டால் சில சமயம் பளபளவென்று ஒரு முகம் தெரியும், நீளநீளமாகக் கீறல் விழுந்திருக்கும். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். மேலே இருந்த பாறை எந்தப் பக்கம் போயிற்று என்பதற்கு அது ஒரு தடயம், ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். துளை போடுபவர் என்னைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார். "தண்ணி திரும்பி வரல சார்" என்பார், அதாவது உள்ளே விட்ட தண்ணீரைப் பக்கத்தில் நொறுங்கிக் கிடக்கும் பாறை குடித்துவிட்டது. அதைக் கேட்டதும் நான் காலிப் பெட்டியை எடுத்து வைப்பேன்.

ஆக "வாய் பிளந்து" என்பது பிளவின் படமே இல்லை. பிளவு என்றால் இறுக்கிப் பிடித்த இரண்டு முகம்.

மார்ச் 3, இரவு 10.05

பூமி பிளந்து ஆளை விழுங்கும் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். சீதையிலிருந்து தொடங்கினால் விடிந்துவிடும். மானம் போகும் நேரத்தில் "பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்தது" என்று நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், அந்த ஆசைக்கு நிலவியல் துணை வராது.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் ஒரு மாடு பிளவுக்குள் விழுந்தது, வால் மட்டும் வெளியே தெரிந்தது என்று நெடுங்காலம் ஒரு கதை சுற்றியது. எனக்குப் பிடித்த கதை, நம்புவதில்லை. அன்றைக்கு உடைந்த, கலிஃபோர்னியாவில் ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் வழுக்கியது, வாயைத் திறக்கவில்லை. படங்களில் வரும் சாலை வெடிப்பெல்லாம் பெரும்பாலும் மேல்மண் சரிந்தும் கரையோரம் இறங்கியும் திறந்துகொண்டவை.

மார்ச் 5, காலை 7.30

ஒருவர் எழுதியிருக்கிறார், "அப்படியானால் பிளவு ஆபத்தில்லாத விஷயம், சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது." இங்கேதான் விஷயமே இருக்கிறது. வழுக்கிக்கொண்டே இருந்தால் பயமில்லை. வழுக்காமல் நிற்பதுதான் பயம்.

பெரிய மர அலமாரியைத் தரையில் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது, தள்ளத்தள்ள உங்கள் கை விறைக்கும், அலமாரியின் மேல்பாகம் கொஞ்சம் சாயும், பிறகு கிறீச்சென்று ஒரே தாவலில் நகர்ந்து மறுபடி நிற்கும். பிளவும் இப்படித்தான். நிலத்தட்டுகள் நிற்பதே கிடையாது, சான் ஆண்ட்ரியாஸில் சில பகுதிகளில் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டியிருக்கிறது. பிளவின் முகம் மட்டும் உராய்வில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்போது இரண்டு பக்கத்துப் பாறையும் வளையும். ஆம், பாறை வளையும். கண்ணுக்குத் தெரியாது, அளவெடுத்தால் தெரியும். 1906-க்கு முந்தைய அரை நூற்றாண்டின் நில அளவைக் கணக்குகளையும் பிந்தையவற்றையும் ஒப்பிட்டு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற நிலநடுக்க ஆய்வாளர் 1910-இல் சொன்னது இதைத்தான். நிலநடுக்கத்துக்கு வேண்டிய அத்தனை நகர்வும் அதற்கு முன்பே நடந்து முடிந்து, பாறைக்குள் வளைவாகச் சேர்ந்து கிடக்கிறது. பிளவு விடுபடும் நாளில் அந்த வளைவு நிமிர்கிறது. பிளவைக் குறுக்கே கடந்த வேலிகள் ஒரே நிமிடத்துக்குள் வெட்டி நகர்த்தி வைத்தது போல ஆகிவிட்டன, சில இடங்களில் மீட்டர் கணக்கில்.

அதே சான் ஆண்ட்ரியாஸின் நடுப்பகுதி ஒன்று உண்டு, அது மாட்டிக்கொள்வதே இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வீதம் ஓசையில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இதே மாதிரி ஊரும் இன்னொரு பிளவு ஹாலிஸ்டர் என்ற ஊரின் நடுவே போகிறது, நடைபாதைக் கல்லும் மதில் சுவரும் மெல்ல வளைந்துகொண்டே போகின்றன, மக்கள் அதைச் சரிசெய்துகொண்டே குடியிருக்கிறார்கள். சான் ஆண்ட்ரியாஸின் நடுப்பகுதி மட்டும் ஏன் ஊர்கிறது? அந்தப் பிளவின் மேலேயே இருக்கும் பார்க்ஃபீல்ட் என்ற ஊர் அருகே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் ஆழம் வரை துளைபோட்டு 2007-இல் கோர் எடுத்தார்கள். உள்ளே சப்போனைட் என்ற கனிமம் நிறைந்த களிமண், சோப்பு மாதிரி வழுவழுப்பு, உராய்வு ரொம்பக் குறைவு. அந்தக் கோரைத் தொட்டுப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

இப்போது உருவகத்துக்கு வாருங்கள். "இரு தரப்புக்கும் இடையே பிளவு விரிவடைகிறது" என்று எழுதும்போது நாம் சண்டையைப் படம்பிடிக்கிறோம். நிஜப் பிளவு படம்பிடிப்பது சண்டையே இல்லாத காலத்தை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு மூத்தவர்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் "சரிங்க, அப்படியே செய்யலாம்". குரல் உயர்ந்ததே கிடையாது. ஒருநாள் விடுப்புப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விஷயமாக வெடித்தது பாருங்கள், பத்து வருஷத்துக் கணக்கு அத்தனையும் அந்த அறைக்குள் வந்து விழுந்தது. வெளியே நின்றவர்கள் "ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு?" என்றார்கள். கையெழுத்துக்கு இல்லை. அது மாட்டிக்கொண்டிருந்த கடைசி இடம், அவ்வளவுதான்.

மார்ச் 5, பகல் 12.15

"அப்போ தினமும் சண்டை போடும் தம்பதி பத்திரம் என்கிறீர்களா? என் மனைவியிடம் இதைக் காட்டலாமா?"

காட்டாதீர்கள். பார்க்ஃபீல்ட் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மார்ச் 6, இரவு 9.20

பார்க்ஃபீல்ட், சான் ஆண்ட்ரியாஸின் ஊர்ந்து நகரும் பகுதியும் பூட்டிக்கிடக்கும் பகுதியும் சந்திக்கும் இடம். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று நடுத்தர அளவு நிலநடுக்கங்கள், சராசரியாக 22 ஆண்டுக்கு ஒன்று. சரி, அடுத்தது 1988 வாக்கில், தள்ளிப்போனால் 1993-க்குள் என்று கணித்து, பிளவைச் சுற்றிக் கருவிகளை நட்டு வைத்துக் காத்திருந்தார்கள். உலகத்திலேயே இவ்வளவு கூர்ந்து கவனிக்கப்பட்ட பிளவுத்துண்டு வேறு இருக்குமா தெரியாது. அது வந்தது 2004 செப்டம்பர் 28-இல். அளவு 6.0, எதிர்பார்த்த அளவேதான். நாள்தான் ஒத்துவரவில்லை. எது, எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் சரியாக வந்தும் எப்போது என்பது கைக்குச் சிக்கவில்லை. "இந்த உறவு இன்னும் ஆறு மாசம்கூடத் தாங்காது" என்று ஜோசியம் சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இன்னொன்று. ஊரும் துண்டு தன்னளவில் அமைதியாக இருந்தாலும், அது நகர்ந்த கணக்கு முழுவதும் பக்கத்தில் பூட்டிக்கிடக்கும் துண்டின் முனையில் போய் ஏறுகிறது. பெரிய நிலநடுக்கமும் இதையேதான் செய்யும், ஓரிடத்தில் இறுக்கம் தீர்ந்தால் அடுத்த இடத்தில் ஏறும். துருக்கியின் வட அனத்தோலியப் பிளவு இதற்கு மறக்க முடியாத உதாரணம். 1939-இல் கிழக்கே எர்சின்ஜானில் தொடங்கி 1942, 1943, 1944, அப்புறம் 1957, 1967 என்று பெரும்பாலும் மேற்கு நோக்கியே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்துகொண்டு வந்தது. அந்த வரிசையைக் கணக்குப் போட்டு 1997-இல் ஆய்வாளர்கள் இஸ்மித் பக்கம் இறுக்கம் கூடியிருக்கிறது என்று எழுதினார்கள். 1999 ஆகஸ்ட் 17-இல் இஸ்மித் உடைந்தது, 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த துண்டு மர்மரா கடலுக்கு அடியில், இஸ்தான்புல்லுக்குத் தெற்கே கிடக்கிறது.

ஆகவே அந்த வீட்டில் தினமும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறவர்கள் பத்திரமா என்பதைவிட, அந்தச் சண்டையின் பாரம் எந்த வாய் பேசாத பிள்ளையின் மேல் ஏறுகிறது என்று கேட்பதுதான் நிலவியல்படி சரியான கேள்வி. ரொம்பக் கனமாகிவிட்டது, மன்னிக்கவும். மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9, மாலை 6.45

யாராவது ஔவையைக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன், வந்துவிட்டார்கள். மூதுரையின் "கற்பிளவோ டொப்பர் கயவர்" பாட்டு. கயவரின் கோபம் கல் பிளந்தது போல, திரும்பச் சேரவே சேராது. அடுத்த தரத்தாருடையது பொன் பிளந்தது போல, உருக்கினால் சேர்ந்துவிடும். சான்றோருடையது தண்ணீரில் அம்பெய்த வடு, எய்த கையோடு மறையும். தமிழில் பிளவை உருவகமாக இவ்வளவு துல்லியமாகத் தரம்பிரித்த பாட்டு எனக்கு வேறு நினைவில்லை. மூன்று பொருள், மூன்று வேகம், எதிலும் ஒரு சொல்லைக்கூட வீணாக்கவில்லை.

ஆனால் கல் சேரும். ஔவை பார்த்தது மேலே வெயிலில் கிடக்கும் கல்லை, உளி வைத்துப் பிளந்த கல்லை. அது சேராதுதான். பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் கதை வேறு. அங்கே சூடான தண்ணீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு அழுத்தத்தில் கிடக்கிறது. விரிசல் சட்டென்று திறந்தால் அந்த இடத்தில் அழுத்தம் விழும், தண்ணீரால் அவ்வளவு சிலிக்காவைத் தாங்க முடியாது, விரிசலின் இரண்டு சுவரிலும் குவார்ட்ஸாகப் படியும். படிந்து படிந்து நடுவில் சந்தித்து மூடிவிடும். ஆற்றுக் கூழாங்கல்லில் வெள்ளைக்கோடு ஓடுமே, குழந்தைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்களே, அதுதான். எப்போதோ விட்ட விரிசல், ஆறிய தழும்பு.

கோர் பெட்டியில் இது நன்றாகத் தெரியும். கறுத்த பாறையில் குறுக்கே வெள்ளைக் குவார்ட்ஸ் ஓடும் உருளை ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டுவோம், சும்மா இல்லை, எங்கே உடைகிறது என்று பார்க்க. பல சமயம் வெள்ளைக்கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் உடையாத பழைய பாறையில்தான் உடையும். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் நிரம்பியிருந்தால் இப்படி எதிர்பார்க்கக் கூடாது, அது கோட்டிலேயே விட்டுவிடும். எதைக் கொண்டு நிரம்பியது என்பதைப் பொறுத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில வெள்ளைக்கோடுகள் ஒரே கோடே இல்லை, மெல்லிய மெல்லிய வரிகளின் அடுக்கு. ஒவ்வொரு வரியும் ஒருமுறை விரிசல் விட்டு ஒருமுறை மூடியது. விட்டு, மூடி, விட்டு, மூடி, அப்படி எத்தனையோ தடவை.

இன்னும் வேடிக்கை, பொன் கிடைப்பதும் இந்தக் கற்பிளவுக்குள்தான். அதே சூடான தண்ணீர் தங்கத்தையும் கொஞ்சம் கரைத்து வைத்திருக்கும், அழுத்தம் விழுந்ததும் குவார்ட்ஸோடு சேர்த்து அதையும் இறக்கிவிடும். கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டிப் போனது இந்த மாதிரிக் குவார்ட்ஸ் கோடுகளைத் துரத்தித்தான். கற்பிளவும் பொற்பிளவும் ஒரே பெட்டியில் கிடந்ததை ஔவையிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

மார்ச் 9, இரவு 11.30

தூங்கப்போகும்முன் ஒரு இரண்டாவது யோசனை. கல் சேரும் என்று சொன்னதை வைத்து யாரும் உடனே நம்பிக்கைக் கவிதை எழுதிவிட வேண்டாம். சேர்கிறது, ஆனால் மறுபடி இறுக்கம் ஏறும்போது பூமி பெரும்பாலும் புதுப் பாறையை உடைக்கப் போவதில்லை, வசதியான கோணத்தில் கிடக்கும் பழைய பிளவையே தேடி உடைக்கும். கோடிக்கணக்கான ஆண்டு தூங்கிய பிளவு திரும்ப நகர்ந்த உதாரணங்கள் நிறைய. சுத்தியலுக்கு எது பலம், பூமிக்கு எது பலம் என்பது இரண்டு கணக்கு. சின்ன உருளையில் பார்த்ததை மலைக்கு அப்படியே பொருத்த முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆய்வகத்தில் இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி நிறுத்திவைத்தால், நிற்கும் நேரம் கூடக்கூட உராய்வும் மெல்ல மெல்லக் கூடுகிறது. 1970-களிலேயே அளந்துவிட்டார்கள். அதாவது பிளவு நன்றாக ஆறினால் அடுத்தமுறை விடுபட அதிக இறுக்கம் வேண்டும். ஆறுவதும் பூட்டிக்கொள்வதும் ஒரே வேலை. நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு பக்கம் சாயத் தெரியவில்லை.

மார்ச் 12, காலை 8.00

"பிளவில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று எப்படிச் சொல்வார்கள்? கட்சி உடையும்போது இரண்டு அணியும் நாங்கள் அங்கேயே இருக்கிறோம், அவர்கள்தான் போனார்கள் என்கிறார்களே."

இந்தக் கேள்விக்குப் பரிசு கொடுக்கலாம். சான் ஆண்ட்ரியாஸ் மாதிரிப் பக்கவாட்டுப் பிளவில் ஒரு கரையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள், எதிர்க்கரை வலப்பக்கம் போயிருக்கும். இப்போது தாண்டிப்போய் அந்தக் கரையில் நின்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் முதலில் நின்ற கரை வலப்பக்கம் போயிருக்கும். எந்தக் கரையில் நின்றாலும் நகர்ந்தது எதிராளிதான், போன திசையும் அதே வலம்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதை வலவழுக்குப் பிளவு என்ற ஒரே பெயரில் கூப்பிட முடிகிறது, எந்தப் பக்கம் நின்று சொன்னாய் என்று யாரும் கேட்பதில்லை.

மேலும் கீழுமாக நகரும் பிளவுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர் அழகு. சாய்ந்த பிளவை ஒட்டித் தோண்டிக்கொண்டு போகிறவரின் காலுக்கடியில் இருப்பது கால்சுவர், தலைக்குமேல் விளக்கு மாட்டும் பக்கம் தொங்குசுவர். தொங்குசுவர் இறங்கியிருந்தால் ஒரு வகை, ஏறியிருந்தால் இன்னொரு வகை. இங்கேயும் "ஒன்றை ஒப்பிட்டு மற்றது" என்றுதான் கணக்கு. ஒரு பக்கம் ஏறியதா, மறுபக்கம் இறங்கியதா, இரண்டும் ஏறி ஒன்று கூடுதலாக ஏறியதா என்று பிளவை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. தூரத்தில் அசையாத ஓர் இடத்திலிருந்து அளக்க வேண்டும். ரீட் கையில் இருந்தது அந்தத் தூரத்து அளவை. கட்சிக்கு அப்படி ஒரு தூரத்து இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள், நான் வரவில்லை.

நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவில் இந்த வழுக்கல் சேர்ந்து சேர்ந்து 480 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. தெற்குத் தீவின் இரண்டு கோடியில் ஒரே மாதிரிப் பாறைகள் தனித்தனியாகக் கிடப்பதைப் பார்த்து, இவை ஒருகாலத்தில் ஒட்டியிருந்தவை என்று ஹரால்ட் வெல்மன் என்ற நிலவியலாளர் 1940-களில் சொன்னபோது பலர் ஏற்கவில்லை.

மார்ச் 14, பகல் 3.10

சிலர் எத்தியோப்பியப் படத்தைப் போட்டு "இதோ வாய் பிளந்த நிலம், இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று மடக்கியிருக்கிறார்கள். நல்ல படம். 2005 செப்டம்பரில் அஃபார் பகுதியில் தப்பாஹூ எரிமலையை ஒட்டி 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் விலகியது, சில வாரத்துக்குள், அதிகபட்சமாக 8 மீட்டர் வரை. 3-ஆம் தேதி இரவு நான் எழுதியது உரசி வழுக்கும் பிளவைப் பற்றி. இது வேறு சாதி. இங்கே தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகின்றன, கீழிருந்து பாறைக்குழம்பு சுவர் போல ஏறி இடையில் நிரம்புகிறது. பிளவுப் பள்ளத்தாக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வகை. இங்கேயும் நிலம் விட்டுப்போன இடத்தை ஏதாவது வந்து நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறது, வெறும் பாதாளமாக நிற்பதில்லை.

செய்தியில் வரும் "கட்சியில் பிளவு" இந்த வகைக்குப் பொருந்தும் என்பேன், ஏனென்றால் அங்கே இரண்டும் நிஜமாகவே விலகிப்போகின்றன, நடுவில் புதுசாக ஏதோ ஒன்று சூடாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. "சமூகத்தின் பிளவுக்கோடு" என்று கட்டுரைகளில் எழுதுவது சான் ஆண்ட்ரியாஸ் வகை. விலகிப்போக இடமில்லாமல் ஒட்டி வாழ்கிற இரண்டு கூட்டம், நகர்வு நிற்பதில்லை, முகம் மட்டும் பூட்டிக்கிடக்கிறது. "உறவில் விரிசல்" இன்னும் நகராதது. மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுவது எனக்கு இதனால்தான் உறுத்துகிறது.

மார்ச் 15, காலை 10.50

தண்ணீர் இறங்கினால் பிளவு நகருமா என்று கேட்டவருக்கு. ஆம், தண்ணீர் பிளவை விடுவிக்கும். எண்ணெய் மாதிரி வழுக்கி விடுவதால் இல்லை. பிளவுக்குள் தண்ணீரின் அழுத்தம் ஏறினால் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அழுத்தத்தில் அவ்வளவு கழிந்துவிடும், பிடி தளரும். 1962-இல் டென்வர் அருகே ஒரு ராணுவ வளாகத்தில் கழிவு நீரைக் கிட்டத்தட்ட 3.6 கிலோமீட்டர் ஆழக் கிணற்றுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். நிலநடுக்கமே அபூர்வமாக இருந்த பகுதியில் வரிசையாக அதிர்வுகள். 1966-இல் நிறுத்தினார்கள். பெரியவை எல்லாம் வந்தது 1967-இல், நிறுத்தியபிறகு, ஏனென்றால் உள்ளே ஏறிய அழுத்தம் இன்னும் பரவிக்கொண்டே இருந்தது.

அடுத்தவர் பேச்சைக் கேட்டு வந்த சண்டைக்கு இது உதாரணமாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகும், ஆனால் ஒரு திருத்தத்தோடு. தண்ணீர் இறுக்கத்தை உண்டாக்கவில்லை. அது ஏற்கனவே அங்கே இருந்தது. சகுனி வராவிட்டாலும் அந்தப் பங்காளிகள் ஒற்றுமையாக இருந்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 20, இரவு 8.40

கடைசியாக வந்த நடைமுறைக் கேள்வி, "ஒரு பாறையில் கோடு தெரிகிறது, விரிசலா பிளவா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?"

கோட்டைப் பார்க்காதீர்கள், கோட்டைக் குறுக்கே கடக்கும் இன்னொன்றைத் தேடுங்கள். ஒரு நிற அடுக்கு, ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு, ஒரு பெரிய படிகம், எதுவானாலும் சரி. இந்தப் பக்கம் வந்தது அந்தப் பக்கம் அதே நேரில் தொடர்ந்தால் விரிசல். விட்ட இடத்தில் இல்லாமல் தள்ளிப்போய்த் தொடர்ந்தால் பிளவு. அப்புறமும் அவசரப்பட வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கும் பாறை முகம் எந்தக் கோணத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத் தள்ளிய தூரம் கூடவோ குறையவோ தெரியும். சாய்ந்த அடுக்குகளில், மேலும் கீழுமாக நகர்ந்த பிளவுகூட மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் நகர்ந்தது போலவே காட்டும். இரண்டு வேறு வேறு திசையில் ஓடும் கோடுகள் கிடைத்தால்தான் நிஜ நகர்வு பிடிபடும். குறுக்கே கடக்க எதுவுமே இல்லாத ஒரே நிறப் பாறை என்றால் உரசிய பளபளப்பு, கீறல், அரைபட்ட களிமண் இவற்றைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் என் குறிப்பேட்டில் எழுதியது போல "விரிசல், நகர்வு தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள்.